எக்கோ நார்மல், ஆஞ்சியோவில் அடைப்பு

இதயப் பிரிவு வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேச்சுகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று: "எக்கோ எடுத்தாங்க, ஹார்ட் 60 பர்சென்ட்தான் வேலை செய்யுதாம்." மீதி 40 போய்விட்டதே என்ற கவலை சொல்பவரின் குரலில் இருக்கும். இன்னொன்று: "ரெண்டு மாசம் முன்னாடி மாஸ்டர் செக்கப்ல எக்கோ நார்மல்னு எழுதிக் கொடுத்தாங்க. இப்போ ஆஞ்சியோ பண்ணினா ரெண்டு இடத்துல அடைப்புங்கிறாங்க. அப்போ அந்த எக்கோ பொய்யா?"

முதலாமவர் கவலைப்பட ஒன்றுமில்லை. 60 நல்ல எண். இரண்டாமவரின் எக்கோவும் பொய் சொல்லவில்லை. எக்கோவிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்று, அது சொல்லும் பதில் வேறொன்று. சிக்கல் அங்கேதான்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. பெரிய குழாயின் அகலமே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் அவை தொடங்கும் இடம் சில சமயம் தென்படும்; அடைப்பு விழும் இடங்கள் பெரும்பாலும் தெரியாது. எக்கோ பார்ப்பது அந்தக் குழாய்களை நம்பி இருக்கும் தசையை. வயலின் ஒரு மூலையில் பயிர் வாடியிருந்தால், எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று வரப்பில் நிற்பவரே சொல்லிவிடுவார். வாய்க்காலை நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பயிர் பச்சையாக நிற்பதால் வாய்க்கால் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பாதி தூர்ந்த வாய்க்காலே மார்கழிக்குப் போதும். சித்திரை வெயிலில்தான் குட்டு வெளிப்படும்.

ஒலியை வைத்து எப்படித் தசையைப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

எக்கோ அறையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். இடது கை தலைக்கு மேல் போக வேண்டும். ஜில்லென்று ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவில் புரோபை வைத்துக் கொஞ்சம் வலிக்கவே அழுத்துவார்கள். "மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்க" என்ற குரல் நடுநடுவே வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒலி ஒரு பொருளிலிருந்து வேறு தன்மையுள்ள பொருளுக்குள் நுழையும்போது ஒரு பகுதி திரும்பி வருகிறது. திசுவும் காற்றும் சந்திக்கும் இடத்தில் அநேகமாக முழுவதுமே திரும்பிவிடும். தோலுக்கும் புரோபுக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட உள்ளே எதுவும் போகாது. அதனால் ஜெல். நுரையீரல் நிறையக் காற்று, ஆகவே மூச்சை வெளியே விட வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும். கையைத் தூக்கினால் விலா இடைவெளி விரியும்.

புரோபின் முனையில் இருப்பது ஒரு வகைப் பீங்கான். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும்; அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் தரும். அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தைப் படிகங்களில் கண்டு 1880இல் வெளியிட்டவர்கள் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள். ஆக, ஒரே பொருள் ஒலியை அனுப்பவும் எதிரொலியை வாங்கவும் உதவுகிறது. மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு. பெரியவர்களுக்கான எக்கோ புரோப் எழுப்புவது பொதுவாக நொடிக்கு 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை. இதைத்தான் மீயொலி என்கிறோம். அதிர்வு கூடக் கூட அலை குட்டையாகும், நுண்ணிய விவரம் தெரியும். 25 லட்சம் அதிர்வில் அலையின் நீளம் உடலுக்குள் 0.6 மில்லிமீட்டர். இன்னும் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் ஒலி வழியிலேயே கரைந்துவிடும், இதயத்தின் பின்சுவர் வரை எட்டாது. குழந்தைகளின் சின்ன மார்புக்குத்தான் அந்த வசதி உண்டு.

மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகிறது. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எதிரொலி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து அதை அனுப்பிய சுவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. அப்படி ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. நூறு கோடுகள் சேர்ந்தால் விசிறி வடிவத்தில் ஒரு படம். நொடிக்கு 5,000 கோடு என்றால் 50 படம். சினிமாவே 24 படத்தில் ஓடுகிறது. எக்கோவின் பலம் இந்த வேகம்தான். படத்தின் அழகில் எம்.ஆர்.ஐ.யிடம் அது தோற்கும். ஆனால் இதயம் துடிக்கிற அதே கணத்தில், நோயாளி படுத்திருக்கிற கட்டிலருகே, கதிர்வீச்சு எதுவும் இல்லாமல் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

இந்தக் கருவி மருத்துவமனைக்குக் கப்பல் கட்டும் தளத்தின் வழியாக வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவருக்கு ஒரு தலைவலி. சுருங்கிப்போன மைட்ரல் வால்வை அறுவை செய்து விரிக்கும் காலம் அப்போதுதான் வந்திருந்தது. யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க நல்ல வழி இல்லை. ரேடாரைப் பயன்படுத்த முடியுமா என்று இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸிடம் கேட்டார். ரேடார் உதவாது, மீயொலி உதவலாம் என்றார் ஹெர்ட்ஸ். மால்மோவிலிருந்த கப்பல் தளத்தில், உலோகப் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மீயொலிக் கருவி வைத்திருந்தார்கள். ஹெர்ட்ஸ் அங்கே போய் அதைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். நாடித் துடிப்போடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும் எதிரொலி திரையில் தெரிந்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனம் ஒரு கருவியை இரவல் கொடுக்க, 1953 அக்டோபரில் இதயத்தின் முதல் மீயொலிப் பதிவு எடுக்கப்பட்டது.

படம் கிடைத்துவிட்டது. அது எதன் படம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய விதம் எனக்கு முதல் பதிவைவிடப் பெரிதாகப் படுகிறது. திரையில் பளிச்சென்று நகர்ந்த கோட்டை எட்லர் முதலில் இடது மேலறையின் பின்சுவர் என்று நினைத்தார். பிறகு, மரணத்தறுவாயில் இருந்த நோயாளிகளின் மார்பில் ஒலிக்கற்றை போன திசையைக் குறித்துவைத்து, இறந்த பின் அதே இடத்தில், அதே திசையில் ஐஸ் குத்தும் ஊசியைச் செருகிப் பார்த்தார். ஊசி துளைத்திருந்தது மைட்ரல் வால்வின் இதழை. இன்று எக்கோ அறையில் "இதுதான் வால்வு" என்று சுலபமாகக் காட்டிவிடுகிறார்கள்; அந்தத் துணிவுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பிணப் பரிசோதனைகள் இருக்கின்றன.

எட்லருக்கு வால்வுதான் குறி. கரோனரி நோய்க்கு எக்கோ உதவும் என்பதற்கான அடிப்படை அதற்கும் 18 ஆண்டுகள் முன்பே, மீயொலி இல்லாமலே, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் போடப்பட்டுவிட்டது. 1935இல் டெனன்ட், விகர்ஸ் என்ற இருவர் நாய்களின் கரோனரி குழாய் ஒன்றைக் கட்டிவிட்டு, அது ஊட்டும் தசையின் சுருக்கத்தைப் பதிவு செய்தார்கள். தசை மெல்ல மெல்லத் தளரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். சுமார் ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதையே நிறுத்திவிட்டது. மற்றப் பகுதிகள் சுருங்கி அழுத்தம் ஏறும்போது அது மட்டும் வெளியே உப்பியது.

இவ்வளவு அவசரம் ஏன்? கை கால் தசை ஓய்வில் இருக்கும்போது ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. தேவை கூடினால் கூடுதலாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. இதயத் தசை ஓய்விலேயே முக்கால் பங்கை உறிஞ்சிவிடுகிறது. அதற்குக் கையிருப்பு இல்லை. ரத்தம் நின்றால் வேலையும் நிற்கும்.

மனிதரிலும் இதைப் பார்க்க முடிந்தது. 1977இல் சூரிக்கில் குருன்ட்ஸிக் என்ற மருத்துவர் கரோனரி குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். பலூன் உப்பியிருக்கும் அந்தச் சில நொடிகள் குழாய் முழுக்க அடைபட்டிருக்கும். 1980களில் அந்த நேரத்தில் எக்கோவும் ஈ.சி.ஜி.யும் ஒருசேர எடுத்துப் பார்த்தார்கள். முதலில், ஏறக்குறைய 20 நொடியில் சுவரின் அசைவு கெட்டது. அதற்குப் பிறகுதான் ஈ.சி.ஜி. மாறியது. நெஞ்சுவலி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. நாம் முதல் எச்சரிக்கை என்று நம்பிக்கொண்டிருக்கும் வலி, வரிசையில் கடைசி ஆள்.

ரிப்போர்ட்டில் "ஆர்.டபிள்யூ.எம்.ஏ. இல்லை" என்று எழுதியிருப்பார்களே, அது இந்த விஷயம்தான்: எந்தச் சுவரின் அசைவும் கெட்டிருக்கவில்லை என்று பொருள். இடது கீழறையின் சுவரை 16 அல்லது 17 துண்டுகளாக மனதுக்குள் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். நன்றாகச் சுருங்கினால் 1, மந்தமாகச் சுருங்கினால் 2, அசையாவிட்டால் 3, டெனன்ட் பார்த்த மாதிரி வெளியே உப்பினால் 4. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, இங்கே மார்க் குறைய வேண்டும்.

அசைவு என்று சொன்னாலும் தேர்ந்த கண் பார்ப்பது தடிப்பை. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனுள்ள சுவர், சுருங்கும்போது உள்நோக்கி வருவதோடு தடிக்கவும் வேண்டும். செத்த தசையைக்கூட இருபுறமும் உள்ள நல்ல தசைகள் இழுத்து ஆட்டும். திரையில் அதுவும் அசைவது போலத்தான் தெரியும். தடிப்பதை மட்டும் அதனால் நடிக்க முடியாது. பழைய மாரடைப்பின் தழும்பு மெலிந்து, பக்கத்துத் தசையைவிட வெளுப்பாகத் தெரியும். முன்சுவரும் நுனியும் இடது முன் இறங்குகுழாயின் பகுதி. அடிச்சுவர் பெரும்பாலும் வலது கரோனரியின் பகுதி, பக்கச்சுவர் வளைகுழாயின் பகுதி. வாடிய இடத்தை வைத்து வாய்க்காலைச் சொல்வது இப்படித்தான். ஆளுக்கு ஆள் குழாய்களின் எல்லை கொஞ்சம் மாறும் என்பதால் அவ்வப்போது கணிப்பு தப்பும்.

இனி அந்த 60 சதவீதத்துக்கு வருவோம். இடது கீழறை நிரம்பும்போது 120 மில்லி ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பில் 70 மில்லியை வெளியே தள்ளுகிறது, 50 உள்ளே தங்கிவிடுகிறது. தள்ளியது நிரம்பியதில் 58 சதவீதம். இதுதான் வெளியேற்ற விகிதம், பேச்சுவழக்கில் 'பம்பிங்'. எந்த ஆரோக்கியமான இதயமும் முழுக்கக் காலியாவதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு. நூற்றுக்கு நூறு வாங்கும் இதயம் உலகில் இல்லை.

இந்த எண் எப்படி வருகிறது? அறையின் உள்விளிம்பை இரண்டு கோணப் படங்களில் கோடு இழுத்துக் காட்டினால், கருவி அதை 20 மெல்லிய வட்டத் தகடுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் கொள்ளளவையும் கூட்டிச் சொல்லும். கோடு இழுப்பது மனிதக் கை, பல சமயம் மங்கலான விளிம்பின் மேல். ஒரே நோயாளிக்கு இரண்டு பேர் பார்த்தால் ஐந்து புள்ளி வித்தியாசம் சாதாரணம். போன முறை 55, இந்த முறை 51 என்று இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்கம் கெடுபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

விகிதம் ஏமாற்றவும் செய்யும். ஒரு சுவர் படுத்துவிட்டாலும் மற்றவை கூடுதலாக உழைத்து மொத்த எண்ணைக் காப்பாற்றிவிடலாம். மாரடைப்பில் வால்வைத் தாங்கும் தசை பழுதாகி, மைட்ரல் வால்வு ஒழுகத் தொடங்கினால், ரத்தம் பின்னால் மேலறைக்குத் திரும்பிப் போகும். அதையும் சேர்த்து 'தள்ளியது' என்று கணக்கிடுவதால் எண் அழகாக இருக்கும், உடம்புக்குப் போவது குறைவாக இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் படித்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைக்கும் வழக்கம் சரியில்லை. ஒழுகலைக் காட்டிக்கொடுப்பது டாப்ளர் முறை. நகரும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றம் திசையையும் வேகத்தையும் சொல்லும். அறையில் 'உஷ், உஷ்' என்று கேட்கிற சத்தம் அந்த மாற்றத்தைக் காதுக்கு எட்டும் ஒலியாக்கியது. இதயத்தின் சொந்தச் சத்தம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

சரி, எக்கோ நார்மல் ஆனால் அடைப்பு உண்டு என்ற புதிர். 1974இல் அமெரிக்க மருத்துவர் லான்ஸ் கூல்ட், நாய்களின் கரோனரி குழாயைப் படிப்படியாக இறுக்கி, ரத்த ஓட்டத்தை அளந்தார். ஓய்வில் இருக்கும்போது விட்டம் ஏறக்குறைய 85 சதவீதம் குறையும்வரை ஓட்டத்தில் மாற்றமே இல்லை. அடைப்புக்குக் கீழே உள்ள நுண்குழாய்கள் விரிந்து கொடுத்து ஈடுகட்டிவிடுகின்றன. ஆனால் உச்ச ஓட்டம், அதாவது தேவை ஏறும்போது சாதாரணமாக நான்கு மடங்குவரை பெருகும் அந்தத் திறன், பாதி அடைப்பிலேயே சரியத் தொடங்கிவிட்டது. ஈடுகட்ட வைத்திருந்த விரிவை ஓய்விலேயே செலவழித்துவிட்டால் ஓடும்போது விரிய என்ன மிச்சம்? படுத்துக்கொண்டு எடுத்த எக்கோவில் 70 சதவீத அடைப்பு தெரியாமல் போனதில் அதிசயம் இல்லை. அந்தத் தசைக்கு அப்போது குறை எதுவும் இல்லை.

அப்படியானால் சித்திரையை வரவழைக்க வேண்டும். டிரெட்மில்லில் ஓடவிட்டு, இறங்கியதும் ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் எக்கோ எடுப்பது ஒரு வழி. இதயம் தணிந்துவிட்டால் சாட்சி மறைந்துவிடும் என்பதால் நோயாளியைக் கட்டிலுக்குத் தள்ளாத குறைதான். மூட்டு வலியால் ஓட முடியாதவர்களுக்கு டோபுட்டமைன் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, படுத்த நிலையிலேயே இதயத்தை ஓடவிடுகிறார்கள். 220இலிருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதத் துடிப்பு இலக்கு. 60 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 136. ஓய்வுப் படமும் உச்சப் படமும் பக்கம் பக்கமாக ஓடும். எல்லாச் சுவரும் முன்னைவிட வேகமாகத் தடிக்கும்போது ஒன்று மட்டும் பின்தங்கினால் அங்கே குழாய் குறுகியிருக்கிறது. நம்மூர் செக்கப்புகளில் இந்தச் சோதனை அதிகம் இடம்பெறுவதில்லை. பார்ப்பவருக்குப் பயிற்சியும் நேரமும் கேட்கும். ஓய்வு எக்கோவை மட்டும் எடுத்துவிட்டு 'அடைப்பு இல்லை' என்று ஆறுதல் அடைவதற்கு அதில் ஆதாரம் கிடையாது.

மாரடைப்புக்குப் பிறகு டோபுட்டமைன் இன்னொரு கேள்விக்கும் பயன்பட்டது: அசையாத தசையெல்லாம் செத்த தசையா? இல்லை என்று இரண்டு விதங்களில் தெரிந்தது. அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பிய பின்னும் தசை சில நாள், சில வாரம் திகைத்துப்போய் நிற்கும். 1982இல் பிரான்வால்டும் குளோனரும் இதற்குத் திகைத்த தசை என்று பெயர் வைத்தார்கள். நீண்டகாலமாக ரத்தம் குறைந்தே வரும் இடத்தில் தசை வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் வைத்திருக்கும். உறங்கும் தசை என்ற இந்தக் கருத்தை 1980களில் பரவலாக்கியவர் மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா. மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் உறங்கும் தசை கொஞ்சம் அசையும். அளவைக் கூட்டினால் ரத்தம் போதாமல் மறுபடி படுத்துவிடும். தழும்பு இரண்டுக்கும் அசையாது.

உறங்குவதை எழுப்பிவிட்டால் நோயாளி நெடுநாள் வாழ்வார் என்பது கேட்கக் கச்சிதமான வாதம். பல ஆண்டுகள் அதை நம்பி ஸ்டென்ட் வைத்தார்கள். பிரிட்டனில் 700 நோயாளிகளை வைத்து நடந்து 2022இல் வெளியான ரிவைவ்ட் ஆய்வு இதைச் சோதித்தது. எல்லோருக்கும் வெளியேற்ற விகிதம் 35 அல்லது அதற்கும் கீழே; உயிருள்ள தசை இருப்பதும் உறுதிசெய்யப்பட்டிருந்தது. பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். இறப்பிலும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நிலையான நோயாளிகளைப் பற்றிய முடிவு இது; மாரடைப்பு வந்து துடிப்பவருக்குக் குழாயை உடனே திறப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

திகைத்த தசை என்ற கருத்தின் பயன் இதைவிட நேரடியானது. விகிதம் 35 அல்லது அதற்குக் கீழே நிலைத்துவிட்டால் திடீர் மரண ஆபத்து கூடும் என்பதால், தாறுமாறான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவியை மார்பில் பொருத்தச் சொல்வார்கள். ஆனால் மாரடைப்பு வந்த வாரத்தில் எடுத்த எக்கோவை வைத்து அதை முடிவு செய்வதில்லை. அப்போது அசையாமல் இருப்பதில் எவ்வளவு தழும்பு, எவ்வளவு திகைப்பு என்று தெரியாது. மருந்துகளைக் கொடுத்து, குறைந்தது 40 நாள் விட்டு, மறுபடி எக்கோ எடுக்கிறார்கள். ஸ்டென்டோ பைபாஸோ செய்திருந்தால் 90 நாள். முதல் எக்கோவில் 32 என்று பார்த்துப் பயந்தவருக்கு அந்த இரண்டாவது எக்கோவில் 45 என்று வந்தால், ஐ.சி.டி. பேச்சை எடுக்காமலே அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார் டாக்டர்.